வாத்துக்கு முட்டை சிக்கினால்: கைவைத்தியம், ஊசி, அறுவை – எதை எப்போது?

பெட்டை வாத்து கால்களை அகட்டி, உடம்பைப் பெங்குவின் மாதிரி நிமிர்த்தி நிற்கிறது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறது. கூட்டுக்குள் போய் முக்குகிறது, ஒன்றும் இடாமல் வெளியே வருகிறது. தீவனத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வெந்நீரில் உட்காரவைத்துக் காத்திருக்கலாமா, ஊசி போடலாமா, அறுத்து எடுத்துவிடலாமா? எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டிய நிலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முட்டை சிக்குவதும் கிருமித் தொற்றும் அடிக்கடி சேர்ந்து வரும் கோளாறுகள். தேங்கிய முட்டையால், முட்டை இறங்கி வரும் பாதையான முட்டைக்குழாய் புண்ணாகி அதில் கிருமி ஏறும். சில வாத்துகளில் தலைகீழாக நடக்கும்: முதலில் முட்டைக்குழாய் வீங்கிச் சுருங்கும் பலத்தை இழக்கும், அதனால் முட்டை நகராமல் நின்றுவிடும். எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறுகிறது.

வயிற்றில் இருப்பது எது?

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 18 முதல் 20 மணி நேரம் ஓடு கட்டும் பையிலேயே கழிந்துவிடும். வாத்துகள் பெரும்பாலும் விடியலிலோ காலையிலோ இட்டுவிடும். மதியம் தாண்டியும் ஒரு வாத்து முக்கிக்கொண்டே இருந்தால், தாமதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் கால் எலும்பு எளிதில் முறியும். இறக்கைகளை உடம்போடு அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி இடுப்பில் இடுக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கையின் உள்ளங்கையை அடிவயிற்றில் வையுங்கள். நெஞ்செலும்பு முடியும் இடத்திலிருந்து ஆசனவாய் வரை விரல்களை மெல்ல ஒற்றி ஒற்றி நகர்த்துங்கள். ஓடு கட்டிய முட்டை சிக்கியிருந்தால் கூழாங்கல்லைத் துணிக்கு மேலே தொடுவது போல வழவழப்பாக, ஒரே உருண்டையாகத் தட்டுப்படும். மேடு பள்ளமாகப் பிசைந்த மாவு போல அழுந்தினால், அது குழாய்க்குள் கெட்டிப்பட்ட சீழாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றிய பை போல வயிறு தளும்பினால், மஞ்சள் கரு குழாய்க்குள் விழாமல் வயிற்றுக்குழிக்குள் சிந்தி அழற்சி உண்டாகியிருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் அழுத்த வேண்டாம். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு குழாய்ச் சுவரைக் கிழிக்கும்.

எதுவும் தட்டுப்படாததால் எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஓடு கட்டாத தோல்முட்டையைக் கையால் கண்டுபிடிப்பது கடினம். எக்ஸ்ரேயும் ஓடுள்ள முட்டையைத்தான் தெளிவாகக் காட்டும், தோல்முட்டைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவை. இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், கையில் கல் போலத் தட்டுப்பட்ட வாத்துக்கு எக்ஸ்ரே, வயிறு வீங்கித் தளும்பும் வாத்துக்கு ஸ்கேன் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுப் பராமரிப்பு: எதுவரை?

வாத்து நடக்கிறது, தலை நிமிர்ந்து இருக்கிறது, முக்கத் தொடங்கிச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் வீட்டில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. 37 முதல் 38 டிகிரி செல்சியஸ் சூட்டில், வாத்தின் அடிவயிறு நனையும் அளவுக்கு மட்டும் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். 20 நிமிடம் முதல் அரை மணி வரை உட்காரவையுங்கள். பக்கத்திலேயே இருங்கள், தளர்ந்த வாத்து ஆழமில்லாத தண்ணீரிலும் தலை சாய்ந்து மூழ்கிவிடும். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, 29–30 டிகிரி வெப்பமுள்ள, அரையிருட்டான, சத்தமில்லாத இடத்தில் தனியாக விடுங்கள். துடைக்காமல் விட்டால் குளியலில் கிடைத்த சூட்டை விட அதிகச் சூட்டை ஈர இறகு இழந்துவிடும்.

அடுத்தது கால்சியம். ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டையைத் தள்ளும் தசை சுருங்குவதற்கும் அது வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறைந்த வாத்து முக்கினாலும் குழாயில் உந்துதல் இருக்காது. விழுங்கும் நிலையில் இருக்கும், இரண்டு கிலோ அளவுள்ள வாத்துக்கு, வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் மாத்திரையாக 500 மி.கி. அளவில் ஒரு வேளை கொடுக்கலாம். மாத்திரையை உடைத்து நனைத்த தீவனத்தில் உருட்டிக் கொடுப்பதே பாதுகாப்பு. கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். நீர் கொடுக்க வேண்டுமானால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் அது விழுங்கியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை உள்ளே ஊற்றுவது, விரலை விட்டு முட்டையைக் கொக்கி போட்டு இழுப்பது, உள்ளேயே முட்டையை உடைப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். ஆசனவாயின் விளிம்பில் முட்டை முனை தெரிந்தால், சுற்றிலும் நீரில் கரையும் வழவழப்பு ஜெல் தடவலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு நான் தரும் அவகாசம் இரண்டு குளியலும் ஒரு பகல் பொழுதும்தான். மாலைக்குள் முட்டை வரவில்லையென்றால் இரவை வீணாக்க வேண்டாம். சில அறிகுறிகள் இருந்தால் அந்த அவகாசமும் கிடையாது: அலகைத் திறந்து மூச்சு வாங்குவது, கால் தளர்ந்து இழுபடுவது, ஆசனவாயிலிருந்து சிவந்த சதை வெளித்தள்ளுவது, இரத்தம் அல்லது துர்நாற்றமுள்ள கசிவு, தளும்பும் வயிறு. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. வயிற்றில் அடைத்துக்கொண்டிருக்கும் எதுவும் காற்றுப்பைகளை நேரடியாக நெருக்கும். கால் இழுபடுவது, முட்டை இடுப்பு நரம்பையும் இரத்தக்குழாயையும் அழுத்துவதால் வருவது.

தொற்று உள்ள வாத்துக்கு வெந்நீர்க் குளியல் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், நோயைத் தொடாது. வெந்நீரில் வைத்ததும் கொஞ்சம் தெளிவாகிறதே என்று மூன்று நாள், நான்கு நாள் இதையே செய்துகொண்டிருப்பதில்தான் பல வாத்துகளின் நேரம் போய்விடுகிறது.

சதை வெளித்தள்ளியிருந்தால் மருத்துவரிடம் போகும் வரை செய்ய வேண்டிய முதலுதவி வேறு. உப்புக் கரைசலால் கழுவி, தேன் அல்லது கெட்டியான சர்க்கரைக் கரைசல் தடவினால் வீக்கத்தின் நீர் வெளியேறிச் சதை சுருங்கும். ஈரத்துணியால் காயாமல் பார்த்துக்கொண்டு, மற்ற வாத்துகள் கொத்தாதபடி தனியாக வைத்துக் கொண்டுபோங்கள்.

மருத்துவர் கையில் உள்ள வழிகள்

முதலில் சூடு, தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நீர், கால்சியம் குளுகோனேட் ஊசி. காரணம் கால்சியக் குறைவு மட்டும் என்றால் பல வாத்துகள் இத்தோடு இட்டுவிடும். அடுத்த கட்டமாகச் சுருங்க வைக்கும் மருந்து. இங்கே இரண்டு வகை உண்டு. ஆக்சிடோசின் ஊசி தசையைச் சுருக்கும், ஆனால் முட்டைக்குழாயின் வாயைத் திறக்காது. பறவையின் உடம்பில் இந்த வேலையைச் செய்யும் இயற்கையான ஹார்மோன் வேறு என்பதால் பலனும் நிச்சயமில்லை. வாய் திறக்காத நிலையிலோ, முட்டை குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கும் நிலையிலோ இதைப் போட்டால் குழாய் கிழியும் ஆபத்து உண்டு. புரோஸ்டாகிளாண்டின் இ2 ஜெல்லைக் குழாய் வாயில் தடவினால் அது வாயைத் தளர்த்தி, சுருக்கத்தையும் தூண்டுகிறது. இரண்டும் கிடைக்கும் இடத்தில் ஜெல்லே மேல். ஆக்சிடோசின் மட்டுமே இருந்தால், முதலில் கால்சியம் கொடுத்தாயிற்றா, வாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகு ஊசிக்குச் சம்மதியுங்கள்.

மருந்துக்கு மசியாத முட்டையை மயக்கம் கொடுத்துக் கையால் நகர்த்தி எடுப்பது அடுத்தது. மயக்கத்தில் தசை தளர்வதால், விழித்திருக்கும்போது அசையாத முட்டையும் நகரும். குழாய் ஆரோக்கியமாக இருந்தால் நல்ல வழி. அழற்சி பட்ட குழாய் நனைந்த காகிதம் போல, இழுத்தால் கிழிந்துவிடும்.

கடைசியாக, முட்டைக்குள் ஊசியைச் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி, ஓட்டை நொறுங்கவைத்து எடுப்பது. ஆசனவாய் வழியே முட்டை முனை தெரிந்தால் இது ஓரளவு எளிது. ஓட்டுத் துண்டுகள் எல்லாம் வந்துவிட்டனவா என்பதில்தான் சிக்கல். அடுத்த ஓரிரு நாளில் மீதி வெளியேற வேண்டும், உள்ளே தங்கும் சில்லு கிருமிக்குக் கூடாகிவிடும். ஏற்கெனவே தொற்று இருக்கும் வாத்துக்கு இந்த வழியை நான் கடைசிக்கும் கடைசியாகவே வைப்பேன். அங்கே வயிற்றைத் திறந்து முட்டையைக் குழாயோடு எடுத்துவிடுவதுதான் பல நேரம் குறைந்த ஆபத்து.

தொற்று: மருந்து போதுமா, அறுவை வேண்டுமா?

பறவையின் சீழ் மனிதச் சீழ் போல நீர்த்து ஓடுவதில்லை. அதன் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதி இல்லாததால், பாலாடைக்கட்டி போலக் கெட்டியாகி, அடுக்கடுக்காகச் சேர்கிறது. வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல வளையங்கள் தெரியும். அந்தக் கட்டிக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, எனவே இரத்தத்தில் போகும் ஆன்டிபயாடிக் அதன் மேற்பரப்பைத் தாண்டாது. கட்டி உருவாகும் முன் மருந்து வேலை செய்யும். உருவான பிறகு மருந்து வாத்தை அறுவைக்குத் தயார் செய்யும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

எந்த ஆன்டிபயாடிக் என்பதை ஊகிக்க வேண்டாம். குழாய் அழற்சியில் அதிகம் காணப்படுவது ஈ.கோலை கிருமி, அது பல மருந்துகளை எதிர்த்து நிற்கும். கசிவிலிருந்தோ வயிற்று நீரிலிருந்தோ மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனையை மருந்து தொடங்கும் முன்பே செய்யச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை மருத்துவர் பொதுவான ஒன்றைத் தொடங்குவார். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை இரண்டு நாள் கொடுத்துவிட்டுப் போனால் பரிசோதனையில் கிருமி வளராது, வாத்தின் வயிற்றில் மட்டும் வளரும்.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் இரண்டும் கால்சியத்தோடு சேர்ந்தால் குடலிலேயே கட்டுண்டு, உடம்பில் ஏறாமல் போய்விடும். முட்டை சிக்கிய வாத்துக்குக் கால்சியமும் கொடுப்பார்கள், இந்த மருந்தும் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே உருண்டையில் வைத்துக் கொடுத்தால் மருந்து வீண். குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். கிளிஞ்சல் தூள் கிண்ணத்தையும் அந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள். வாத்து தேறுவது போலத் தெரிந்தாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தக் கூடாது. குழாய் அழற்சிக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் போவது சாதாரணம்.

வலிக்கு மெலாக்சிகாம் நல்ல மருந்து. ஆனால் நீர்ச்சத்து இழந்த வாத்தின் சிறுநீரகத்தை அது கெடுக்கக்கூடும், எனவே நீர் ஏற்றிய பிறகே கொடுக்க வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். குறிப்பாக டைக்ளோஃபினாக், பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற மருந்து.

வயிறு தளும்பும் வாத்துக்கு நீரை ஊசியால் எடுப்பது மூச்சை எளிதாக்கும். முழுவதும் வடிக்கத் தேவையில்லை, மூச்சு சீராகும் அளவு போதும். எடுத்த நீர் கலங்கி, துர்நாற்றம் அடித்தால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் கரு கலந்திருந்தும் கிருமி இல்லையென்றால், அழற்சிக்கான மருந்தும் முட்டையை நிறுத்துவதும் முக்கியமாகின்றன. இத்தகைய வாத்தை மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, நீர் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சை அடைக்கும். மருத்துவமனையிலும் இதை நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.

அறுவை என்றால் முட்டைக்குழாயை முழுவதும் எடுப்பது. சீழ்க்கட்டி, கிழிந்த குழாய், மூன்றாம் நான்காம் முறையாகச் சிக்கும் முட்டை ஆகியவற்றுக்கு நிலையான தீர்வு இதுதான். ஆபத்தும் இதில்தான் அதிகம். எழுந்து நிற்க முடியாத வாத்தை அப்படியே மேசையில் கிடத்துவதை விட, முடிந்தால் சில நாள் சூடு, நீர், ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றிய பிறகு செய்வது நல்லது. நீர்ப்பறவைகளை மயக்கிப் பழகியவரா என்று கேளுங்கள். முகத்தில் மூடி வைத்ததும் நீரில் மூழ்கியது போல மூச்சையும் இதயத் துடிப்பையும் அடக்கிக்கொள்ளும் பழக்கம் வாத்துகளுக்கு உண்டு, கோழியில் பழகிய கை இதை எதிர்பார்க்காது. குழாயை எடுத்தாலும் சினைப்பை பெரிய இரத்தக்குழாய்களோடு ஒட்டியிருப்பதால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். பின்னாளில் மஞ்சள் கரு வயிற்றுக்குழிக்குள் விழ வாய்ப்பு இருக்கிறது. அறுவைக்குப் பிறகும் ஹார்மோன் சிகிச்சை தேவைப்படலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த முட்டையை எப்படி நிறுத்துவது?

முட்டை வெளியே வந்ததும் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். மறுநாளே அடுத்த மஞ்சள் கரு அதே புண்ணான குழாய்க்குள் இறங்கத் தொடங்கும். காட்டு வாத்து ஒரு பருவத்தில் ஏறத்தாழ பத்து முட்டை இட்டு அடைகாக்கப் போய்விடும். காக்கி கேம்ப்பெல் போன்ற இனம் வருடத்துக்கு 250 முதல் 300 வரை இடும்படி வளர்க்கப்பட்டது. புண் ஆற வேண்டுமானால் குழாய்க்கு ஓய்வு வேண்டும்.

வெளிச்சத்தைக் குறைப்பது மருந்தில்லா வழி. ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் மட்டும் வெளிச்சம், மீதி நேரம் முழு இருட்டு. சன்னல் இடுக்கில் தெருவிளக்கு விழுந்தாலும் பலன் குறையும். கூட்டைக் கலைத்து, இடத்தை மாற்றி, ஆண் வாத்தைப் பிரித்து வையுங்கள். முட்டையைத் தினமும் எடுத்துவிட்டால் அது இன்னொன்று இடத்தான் பார்க்கும். பொய்முட்டைகளை வைத்தால் சில வாத்துகள் அடைக்கு உட்கார்ந்து முட்டையை நிறுத்தும். ஆனால் கேம்ப்பெல், ரன்னர் இனங்கள் அடைக்கு உட்காருவது அரிது என்பதால் அவற்றில் இந்தத் தந்திரத்தை நம்ப வேண்டாம். இந்த வழி பலன் தர வாரங்கள் ஆகும். முதல்முறை சிக்கி, தொற்று இல்லாமல் தப்பிய இளம் வாத்துக்குப் போதும்.

ஹார்மோன் வழியில் இரண்டு உண்டு. லூப்ரோலைடு ஊசியின் பலன் சில வாரங்கள் இருக்கும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். டெஸ்லோரெலின் வில்லையைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால் சில மாதங்கள் தாங்கும், எத்தனை மாதம் என்பது வாத்துக்கு வாத்து மாறும். வில்லை வைத்த முதல் ஓரிரு வாரம் சினைப்பையைத் தூண்டிவிட்டு, பிறகே அடக்கும். எனவே புண் ஆறாத வாத்துக்கு அந்த வாரங்களில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். உணவுக்கு வளர்க்கும் பறவையினத்தில் இதைப் பயன்படுத்த எல்லா நாட்டிலும் அனுமதி கிடையாது, மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தொற்றிலிருந்து மீண்ட, இனி முட்டையே வேண்டாம் என்று வளர்ப்பவர் முடிவு செய்த வாத்துக்கு, அறுவைக்கு முன் நான் தேர்ந்தெடுப்பது இந்த வில்லையைத்தான். வில்லையை மீறியும் முட்டை வந்து சிக்கினாலோ, உள்ளே கட்டி இருப்பது தெரிந்தாலோ அறுவை.

முட்டை நின்றதும் தீவனத்தையும் மாற்ற வேண்டும். முட்டையிடும் பறவைக்கான தீவனத்தில் 3 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். இடாத வாத்துக்கு 1 சதவீதம் போதும், அதிகப்படியானது சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடல் பெருத்த வாத்தை மெல்ல இளைக்கவையுங்கள், அடிவயிற்றுக் கொழுப்பும் முட்டையின் பாதையை நெருக்கும்.

சிகிச்சை கொடுத்தும் எடை இறங்கிக்கொண்டே போய், மூச்சும் சீராகாமல், நீர் எடுத்த சில நாளிலேயே வயிறு மீண்டும் நிறைந்தால், வலியில்லாமல் தூங்கவைப்பதும் ஒரு தேர்வு. அதைப் பற்றி மருத்துவரிடம் முதல் நாளே பேசிவைப்பது நல்லது. நடுராத்திரியில், மூச்சுத் திணறும் வாத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுக்கும்படி ஆகக் கூடாது.

எந்த வழியானாலும் வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் காலையில் தீவனத்துக்கு முன் எடை பாருங்கள். சமையலறைத் தராசின் மேல் ஆழமான பெட்டியை வைத்து, துண்டு விரித்து, பூஜ்யமாக்கிவிட்டு வாத்தை உட்காரவையுங்கள். இரண்டு கிலோ வாத்து 200 கிராம் இழந்துவிட்டால் அது மருத்துவரிடம் ஓட வேண்டிய எடை. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியாது. எச்சம் கரும்பச்சையாக, கொஞ்சமாக வந்தால் வாத்து சாப்பிடவில்லை, அலகால் கிண்ணத்தைக் கிளறிவிட்டுப் போகிறது.

எச்சத்தையும் கசிவையும் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா மனிதருக்கும் தொற்றும். மருந்து நடக்கும் காலத்திலும், மருத்துவர் சொல்லும் விலக்கு நாட்கள் முடியும் வரையிலும் முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது, மற்ற பிராணிகளுக்கும் போடக் கூடாது. தனிமையில் வாத்து உண்ணாமல் வாடும். கம்பி வலைக்கு அந்தப்புறம் இன்னொரு பெட்டை வாத்து கண்ணில் படும்படி இருந்தால் சீக்கிரம் தீவனம் எடுக்கும்.

அறுவை செய்த வாத்தைத் தையல் பிரிக்கும் வரை, ஏறக்குறைய 10 முதல் 14 நாள், நீந்த விடாதீர்கள். குடிக்கவும், தலையை நனைத்து மூக்கைக் கழுவிக்கொள்ளவும் ஆழமான கிண்ணம் இருந்தால் போதும். நோயில் கிடந்த வாத்து இறகு கோதுவதை விட்டிருக்கும், எண்ணெய்ப் பூச்சு போயிருக்கும். குளத்தில் விடும் முன் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மணி மணியாக உருண்டு ஓடினால் விடலாம். இறகு நீரை உறிஞ்சிக் கருத்துப்போனால் இன்னும் சில நாள் கரையிலேயே இருக்கட்டும்.